தரையில் உட்காரும் கேமரா

செகந்திராபாத் ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து கரீம்நகர் சாலையில் வடக்கே போனால் கார்கானா, திருமலகிரி, லோத்குண்டா, அதைத் தாண்டி அல்வால். நெரிசல் இல்லாத காலை வேளையில் அரை மணி நேரம்கூடப் பிடிக்காத பயணம். இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு வரும். நிலம், சாதி, கூலியில்லா உழைப்பு இவற்றைத் திரைக்கும் மேடைக்கும் கொண்டுவந்த மூன்று பேரின் ஊர் இந்தச் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இயக்குநர் ஷியாம் பெனகல் 1934 டிசம்பர் 14 அன்று திருமலகிரியில் பிறந்தார். மேதக் மாவட்டத்திலிருந்து வந்த இயக்குநர் பி. நர்சிங் ராவும், தூப்ரானிலிருந்து வந்த பாடகர் கத்தரும் அல்வாலைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள்.

தமிழருக்குச் செகந்திராபாத் அந்நியமில்லை. 1806இல் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் சூட்டப்பட்ட இந்தப் படைக்குடியிருப்புக்கு மதராஸ் படையோடும், பிறகு ரயில்வேயோடும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. பெனகல் படித்த மகபூப் கல்லூரிப் பள்ளியை 1862இல் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார். இயக்குநர் சேகர் கம்முலா வளர்ந்த பத்மராவ் நகரின் பெயரில் இருப்பவரும் ஒரு முதலியார்தான். ஆனாலும் இங்கே உருவான கலையைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் பேசியதில்லை. மும்பையையும் கொல்கத்தாவையும் பற்றிப் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

சமூகப் பிரச்சினையைப் பேசும் கலை என்றதும் எந்தப் பிரச்சினை, எவ்வளவு துணிச்சல் என்றுதான் நாம் கணக்குப் பார்க்கிறோம். இந்த ஊரின் ஐம்பது ஆண்டு உழைப்பைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. யாரைப் பற்றிய படமோ அவருடைய கண்ணுக்கு எதிரே கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது?

பெனகலின் தந்தை ஒளிப்படக் கலைஞர். அப்பாவின் கேமராவை வைத்து மகன் முதல் படத்தை எடுத்தபோது வயது 12. கல்லூரி நாட்களில் ஹைதராபாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த கதைதான் 'அங்குர்'. அதற்குப் பணம் போட ஆள் கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. கடைசியில் பணம் தந்தது விளம்பரப் படங்களை விநியோகித்துவந்த பிளேஸ் நிறுவனம். 1974இல் வெளிவந்த அந்தப் படம் ஹைதராபாத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் எடுக்கப்பட்டது. பேசியது தக்கனி வாடை வீசும் இந்தி. பம்பாய் சினிமாவில் சிரிப்புக்காக மட்டும் பயன்பட்ட ஒரு பேச்சுமொழி அதில் அழுதது, கெஞ்சியது, சபித்தது.

'அங்குர்' தொடங்கும்போது லட்சுமி என்ற கிராமத்துப் பெண் அம்மனிடம் பிள்ளை வரம் கேட்கிறாள். அதன்பின் கதை நிலக்கிழாரின் மகன் சூர்யாவிடம் போய்விடுகிறது. பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவன், சாதி பார்க்காதவன். தன் வீட்டு வேலைக்கு வரும் லட்சுமி கையால் தேநீர் வாங்கிக் குடிக்கிறான். ஊர் முணுமுணுக்கிறது, அவன் பொருட்படுத்தவில்லை. தாகத்துக்குச் சாதியைத் தாண்டிய அதே இளைஞன், அவள் வயிற்றில் தன் பிள்ளை வளரும்போது கலைத்துவிடச் சொல்கிறான். அவளுடைய கணவன் கிஷ்டய்யா, வாய் பேசாத குயவன், வேலை கேட்கத்தான் கோலை ஊன்றிக்கொண்டு வருகிறான். பழி தீர்க்க வருகிறான் என்று பயந்து சூர்யா சாட்டையால் விளாசுகிறான். கடைசியில் ஒரு சின்னப் பையன் அந்த வீட்டு ஜன்னல் மேல் கல்லெறிகிறான், திரை சிவப்பாகிறது.

அந்தக் கல்லைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் தேநீர்தான் பெரிதாகத் தெரிகிறது. முற்போக்கு என்பது வீட்டுக்குள் எந்த இடம் வரை வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை ஒரு குவளையில் காட்டிவிட்டார் பெனகல். ஆனாலும் படத்தின் பெரும்பகுதியை நாம் சூர்யாவின் கண்ணால்தான் பார்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். லட்சுமி என்ன நினைக்கிறாள் என்பதை ஷபானா ஆஸ்மியின் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த 'நிஷாந்த்', தெலங்கானா ஜமீன்தார் குடும்பம் ஒன்று ஆசிரியரின் மனைவியைத் தூக்கிச் சென்ற கதை. அதில் ஊர் திரண்டு எழுகிறது. எழுந்த ஊரின் வெறியில் அந்தப் பெண்ணும் சாகிறாள். கலகத்தைக் கொண்டாடி முடித்துக்கொள்ளாமல் அதன் விலையையும் காட்டிய நேர்மை அது.

பெனகல் இந்த மண்ணை விடவே இல்லை. பட்டணம் விரிய விரிய ஊருக்கு வெளியே தள்ளப்படும் விலைமகளிர் இல்லத்தை 'மண்டி'யில் (1983) எடுத்தார். போச்சம்பள்ளி நெசவாளரை 'சுஸ்மன்' (1987) படத்தில் எடுத்தார். காகிதத்தில் மட்டும் தோண்டப்பட்ட கிணற்றை 'வெல் டன் அப்பா'வில் எடுத்தார். அவர் படங்களுக்குப் பணம் வந்த வழிகளையும் கவனிக்க வேண்டும். 'மந்தன்' (1976) படத்துக்கு குஜராத் பால் கூட்டுறவின் 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். 2024இல் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று பெனகல் காலமானார்.

அல்வாலுக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் நர்சிங் ராவும் நண்பர்களும் 'ஆர்ட் லவர்ஸ்' என்றொரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் கும்மடி விட்டல் ராவ், அதாவது கத்தர். அந்தச் சங்கம்தான் ஜன நாட்டிய மண்டலியாக வளர்ந்தது. தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை என்று ஊர் ஊராகப் போன அந்தக் குழுவின் பாட்டு எங்கே பிறந்தது என்றால் இந்தப் படைக்குடியிருப்பின் ஓரத்தில்தான்.

நர்சிங் ராவ் தயாரிக்க, வங்காளத்திலிருந்து வந்த கௌதம் கோஷ் இயக்கிய 'மா பூமி' 1979இல் உருவானது. கிரிஷன் சந்தரின் உருது நாவலை ஒட்டி, 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைச் சொன்ன படம். கோஷுக்கு அது முதல் கதைப்படம். அந்தப் போராட்ட நாட்களில் பண்டி யாதகிரி எழுதிய பாட்டைத் திரையில் கத்தரே தோன்றிப் பாடினார். ஒரு தலைமுறையின் நினைவில் இருந்த பாட்டு அடுத்த தலைமுறையின் வாய்க்கு வந்தது அந்தப் படத்தால்.

நர்சிங் ராவ் தானே இயக்கிய 'ரங்குல கலா' (1983) ஹைதராபாத்தில் வாழும் ஓர் ஓவியனைப் பற்றியது. ஓவியனாக நடித்தவரும் அவரே. ஐந்து ஆண்டு கழித்து வந்த 'தாசி' (1988) இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாப் படங்களிலும் எனக்கு மிக நெருக்கமானது. களம், 1920களில் ஒரு தெலங்கானா துரையின் கடி, அதாவது கோட்டை வீடு. அந்தப் பக்கத்துப் பெருங்குடும்பங்களில் மணப்பெண்ணோடு சீதனமாக ஓர் ஏழைப் பெண்ணையும் அனுப்புவார்கள். பாத்திரம் பண்டத்தோடு அவளும் ஒரு பொருள். வீட்டு வேலை அவளுக்கு, துரையின் படுக்கையும் அவளுக்கு. அப்படிப் போன கமலாட்சி கருவுறுகிறாள். அந்தக் குழந்தை பிறக்கக் கூடாது என்று கடி முடிவு செய்கிறது. அவ்வளவுதான் கதை. வசனம் மிகக் குறைவு. கலகமும் இல்லை, கல்லெறியும் இல்லை. ஏ. கே. பீரின் கேமரா அந்த வீட்டின் முற்றங்களிலும் இருட்டிலும் கமலாட்சியோடு கூடவே இருக்கிறது. அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரிவதில்லை.

கமலாட்சியாக நடித்தவர் அர்ச்சனா. பாலுமகேந்திராவின் 'வீடு' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிய மறு ஆண்டே 'தாசி'க்காக இன்னொரு தேசிய விருதை வாங்கினார். தமிழில் 'வீடு' படத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதே நடிகை அடுத்த ஆண்டு பக்கத்து மொழியில் செய்த இந்தப் பெரும் பணியைப் பார்த்தவர் மிகக் குறைவு. இன்னும் ஒன்று உண்டு. நர்சிங் ராவின் 'மட்டி மனுஷுலு' (1990), பிழைக்க ஹைதராபாத் வந்து கட்டட வேலை செய்யும் கணவன் மனைவியின் கதை. மனைவியாக வருபவரும் அர்ச்சனாதான். 'வீடு' படத்தில் சுதா என்ற நடுத்தர வர்க்கப் பெண்ணாக, வாங்கிய கடனை எண்ணி எண்ணி வீடு கட்டுகிறார். அங்கே சித்தாள் மங்கம்மாவாகப் 'பசி' சத்யா செங்கல் சுமக்கிறார். ஹைதராபாத்துக்கு வந்ததும் அர்ச்சனா மங்கம்மாவின் இடத்துக்கு இறங்கிவிடுகிறார். ஒரே நடிகை இரண்டே ஆண்டில் ஒரு கட்டடத்தின் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்கிறார். இந்த இரண்டு படங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துத் திரையிட்டால் ஒரு பல்கலைக்கழகப் பாடம் சொல்லித் தராததைச் சொல்லிவிடும். எந்தத் திரைப்படச் சங்கமாவது செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

'தாசி' பெற்ற ஐந்து தேசிய விருதுகளில் ஒன்று கலை இயக்கத்துக்கானது. அதை வாங்கியவர் ஓவியர் தோட்டா வைகுண்டம். மஞ்சளும் குங்குமமும் கொழிக்கும் அவருடைய தெலங்கானாப் பெண்களை நாடு முழுக்கத் தெரியும்: பெரிய பொட்டு, கனத்த மூக்குத்தி, பளீரென்ற சேலை. பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றுவிட்டு, தான் பிறந்த கரீம்நகர்ப் பக்கத்துப் பெண்களை வரையத் திரும்பியவர். பட்டணத்து ஓவியத்தில் இடமே இல்லாத கறுத்த, பருத்த உழைப்பாளிப் பெண்ணைச் சட்டத்தின் நடுவே உட்கார வைத்தது சின்னச் செயல் இல்லை. ஆனால் காலப்போக்கில் அந்தப் பெண்கள் வரவேற்பறைச் சுவருக்குப் பழகிப்போனார்கள். அவர்களுடைய வயலும் வெயிலும் படத்திலிருந்து கழன்றுவிட்டன. அதே கை 'தாசி'யில் கட்டிய கடியைப் பார்த்தால், அந்தச் சேலையும் அந்தப் பொட்டும் எந்த வீட்டுக்குள் எந்த வேலைக்கு நிறுத்தப்பட்டன என்று புரியும். வைகுண்டத்தின் ஓவியத்தை விரும்புகிறவர் அந்தப் படத்தையும் பார்த்துவிட வேண்டும்.

சுப்பிரமணியனிடமே பயின்ற லக்ஷ்மா கௌடின் செதுக்கோவியங்களில் கிராமம் வேறு விதமாக வருகிறது: ஆடு, மரம், உடல், காமம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. அதில் பிரச்சாரம் எதுவும் இல்லை. ஆனால் கிராமத்தானை அப்பாவியாக்கிப் புனிதப்படுத்தும் பழக்கத்தை அது உடைத்தது. இன்று ஹைதராபாத்திலிருந்து இயங்கும் வருணிகா சரஃப் அரசியல் சம்பவங்களையும் போராட்டங்களையும் துணியில் ஊசி நூலால் தைக்கிறார். செய்தித்தாளில் ஒரு நாளில் பழசாகிவிடும் காட்சிக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து தையல் போடுவதே ஒரு நிலைப்பாடு.

இனி ஆவணப்படம். ஹைதராபாத்தில் பிறந்த தீபா தன்ராஜ் இங்கே தனி அத்தியாயத்துக்கு உரியவர். 1980இல் நண்பர்களோடு 'யுகாந்தர்' என்ற படக்குழுவைத் தொடங்கினார். அந்தக் குழு வீட்டு வேலைக்காரப் பெண்களையும் நிப்பாணிப் புகையிலைத் தொழிலாளரையும் படமெடுத்தது. ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனாவோடு சேர்ந்து எடுத்த 'இதி கதா மாத்ரமேனா' (1983), குடும்பத்துக்குள் ஒரு பெண் நொறுங்குவதைப் பற்றிய குறும்படம். பெண்கள் அமைப்பாக உட்கார்ந்து தங்கள் அனுபவத்தைப் பேசி, அதிலிருந்து கதையை உருவாக்கி எடுத்த படம் அது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவருக்கும் நடுவே இருந்த கோடு அழியத் தொடங்கியது அங்கேதான்.

1984இல் ஹைதராபாத்தின் பழைய நகரத்தில் மதக் கலவரம் வெடித்தது. ஊரடங்கு, ஊர்வலம், மறுபடி ஊரடங்கு. அதே சமயம் ஆகஸ்டில் என். டி. ராமராவ் ஆட்சியை நாதெண்டல பாஸ்கர ராவ் கவிழ்த்த நாடகமும் நடந்துகொண்டிருந்தது. தீபாவின் 'க்யா ஹுவா இஸ் ஷஹர் கோ?' (1986) இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டியது. தலைவர்கள் ஊர்வலத்தில் பேசுவது ஒரு பக்கம், ஊரடங்கில் நாள்கூலி போன வீடுகள் மறு பக்கம். கலவரம் திடீரென்று மக்களுக்குள்ளிருந்து பொங்கி வருவதில்லை, அதற்கு ஆட்கள் உழைக்கிறார்கள் என்பதை அதன்பின் வந்த பல ஆவணப்படங்கள் சொல்லியிருக்கின்றன. இந்தப் படம் அதைச் சொன்னது மிக முன்னதாக.

தீபா தமிழ்நாட்டுக்கும் வந்தார். 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011), புதுக்கோட்டையிலிருந்து இயங்கிய பெண்கள் ஜமாத்தைப் பற்றியது. மணவிலக்கு, வரதட்சணை, அடி உதை என்று எந்த வழக்கையும் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்தில், பெண்கள் தாங்களே ஒரு ஜமாத் அமைத்து வழக்குக் கேட்டார்கள். பிறகு 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா உயிரை விட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த மாணவர் இயக்கத்தை தீபா 'வீ ஹேவ் நாட் கம் ஹியர் டு டை' (2018) என்ற படமாக எடுத்தார்.

அந்த வளாகத்தில் நடந்ததில் இன்னொரு கலைச்செயலும் இருந்தது. அதைக் கலை என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதற்கு முன்பு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஹித் உட்பட ஐந்து தலித் மாணவர்கள் வளாகத்தின் கடைத்தெருவில் திறந்தவெளியில் தங்கினார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி என்று பொருள். அறையைக் காலி செய்து வரும்போது அம்பேத்கரின் படத்தை ரோஹித் கையில் ஏந்தி நடக்கும் ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. பெயர், தட்டி, தலைவர்களின் முகங்கள், வெட்டவெளியில் விரித்த படுக்கை: இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு பெரிய உண்மையை நிறுவிக் காட்டிய வேறெந்தப் படைப்பும் இந்த ஊரின் காட்சிக்கூடங்களில் நான் பார்த்ததில்லை.

பெரும் சினிமா என்ன செய்தது என்று கேட்கலாம். தெலுங்குத் திரையுலகம் சென்னையை விட்டு ஹைதராபாத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கே. என். டி. சாஸ்திரி 'கம்லி'யில் (2006) ஒரு லம்பாடிப் பெண்ணின் பக்கம் நின்றார். சேகர் கம்முலா 'லவ் ஸ்டோரி'யில் (2021) சாதியையும், பெண் குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே படும் கொடுமையையும் ஒரு நட்சத்திரப் படத்துக்குள் கொண்டுவந்தார். தனுஷை வைத்து எடுத்த 'குபேரா'வில் (2025) ஒரு பிச்சைக்காரனைக் கதையின் நடுவில் நிறுத்தினார். இவையெல்லாம் மதிக்கத்தக்கவை. ஆனால் தமிழில் பா. ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் செய்ததைப் போல, ஒடுக்கப்பட்டவரே தன் கதையைப் பெரும் திரையில் சொல்லும் ஓர் அலை அங்கே இன்னும் எழவில்லை. அரசு விருதும் அந்தத் திசைக்குத் திரும்பவில்லை. கத்தரை 1997 ஏப்ரல் 6 அன்று அல்வால் வீட்டு வாசலில் சுட்டார்கள். ஒரு குண்டு கடைசிவரை உடம்பிலேயே இருந்தது. 2023 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகு தெலங்கானா அரசு தன் திரைப்பட விருதுகளுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2025இல் அந்த விருது வழங்கப்பட்டபோது 2024இன் சிறந்த படமாகத் தேர்வானது 'கல்கி 2898 ஏடி' என்ற பிரம்மாண்டப் புனைவு. அந்தப் படத்தோடு எனக்குச் சண்டையில்லை. கத்தரின் பெயர் தாங்கிய மேடையில் முதல் கை, கையில் காசில்லாமல் 'தாசி' போன்ற ஒரு படத்தை எடுக்கத் தவிக்கும் இளைஞரை நோக்கி நீண்டிருக்க வேண்டும் என்றுதான் வருத்தம்.

கடைசியாக, ஹைதராபாத்திலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத். பக்கத்தில் பஸ்தாபூர். அங்கே தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் கிராமச் சங்கங்களில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் தலித்துகள், புன்செயில் சிறுதானியம் விளைவிப்பவர்கள். சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான பி. வி. சதீஷ் முன்பு தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். 1990களின் இறுதியில் இந்தப் பெண்களில் சிலருக்கு வீடியோ கேமரா பழகக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. 2002இல் மரபணு மாற்றப் பருத்திக்கு அனுமதி கிடைத்ததும், இவர்கள் வாரங்கல்லுக்குப் போய் அங்குள்ள விவசாயிகளிடம் என்ன விளைந்தது, என்ன செலவானது என்று கேட்டுப் படமெடுத்தார்கள். 2008 அக்டோபர் 15 அன்று மாச்னூரில் சங்கம் வானொலி தொடங்கியது.

கேமரா பழகும்போது பாடப் புத்தகச் சொற்கள் அவர்களுக்கு ஒட்டவில்லை. தாங்களே பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்க்கும் காட்சி 'பட்டேல் ஷாட்'. நிலக்காரன் தங்களைப் பார்ப்பது அப்படித்தான். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் நேராகப் பார்ப்பது 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் ஒரே தரையில் வட்டமாக உட்காருவார்கள். திரைப்படக் கல்லூரிகளில் லென்ஸைப் பற்றி எவ்வளவோ சொல்லித் தருகிறார்கள். ஒரு கோணத்துக்குள் எத்தனை தலைமுறையின் கூலியில்லா உழைப்பு ஒளிந்திருக்கிறது என்பதை இந்த மூன்று பெயர்கள் சொல்வதைப் போல யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'அங்குர்' எந்த ஷாட், 'தாசி' எந்த ஷாட் என்று அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவர்கள் படமெடுப்பது பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும் பெண்களை. விதைக்கென்று நல்ல கதிரைப் பிரிப்பதும், தானியத்தைப் புடைப்பதும், வேப்பிலையும் சாம்பலும் கலந்து கூடையில் அடைப்பதும் நின்றுகொண்டு செய்கிற வேலைகள் இல்லை. ஆகவே சங்கம் ஷாட் வேண்டுமென்றால் முக்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முறத்துக்கு எதிரே, அந்தப் புழுதியிலேயே கேமராக்காரியும் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்.